நோஞ்சான் குட்டியும் அமினோ அமிலமும்

தூத்துக்குடிக் கரையோரத்துச் சங்கங்களைப் பார்வையிடச் செல்லுங்கால், கணக்குப் புத்தகங்களை மூடிய பின்னர் உறுப்பினர்கள் நம்மிடம் கேட்கும் கேள்விகள் பல. நெசவாளர் நூல் விலையைக் கேட்பர். கரிசல் நிலத்து விவசாயி மழையையும் வாய்தாவையும் சேர்த்துக் கேட்பார். வெண்பன்றி வளர்க்கும் அன்பர்களோ அண்மைக் காலமாக ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்கின்றனர். "ஈற்றில் கடைசியாகக் கிடக்கிற நோஞ்சான் குட்டிக்கு அமினோ அமில மருந்து ஊற்றினால் சதை பிடிக்குமா, ஐயா?" என்பதே அது. மருந்துக் கடைகளில் புட்டிகள் அழகாக அடுக்கி வைக்கப்பட்டிருக்கின்றன. மேலே கொழுத்த பன்றியின் படம் வேறு. கேள்வி எழுவதில் வியப்பில்லை.

கேள்வி சிறியதும் அன்று. கடன் பெற்று இரண்டு தாய்ப்பன்றிகள் வாங்கிய உறுப்பினருக்கு வருமானம் என்பது, பால் மறந்த குட்டிகளை விற்றுக் கிடைப்பதே. ஓர் ஈற்றில் 9 குட்டிகள் பிறந்து 7 மட்டும் தேறினால், போன இரண்டும் அவர் சங்கத்துக்குக் கட்டியிருக்க வேண்டிய தவணை என்று கொள்ளலாம். பிழைத்தும் வளராத குட்டியின் கதை இன்னும் மோசம். அது மற்றக் குட்டிகளைப் போலவே தீனி தின்னும். ஆனால் விற்பனை எடையை எட்டப் பல வாரங்கள் கூடுதலாகப் பிடிக்கும். எட்டிய பின்னரும் உடலில் சதை குறைவாகவும் கொழுப்பு மிகுதியாகவும் இருக்கும். ஆகையால் புட்டியை வாங்கலாமா வேண்டாமா என்பதைச் சற்று விரிவாகவே ஆராய்வோம்.

மேனாட்டு இனமான லார்ஜ் ஒயிட் யார்க்ஷயர், அதனோடு கலந்த கலப்பினங்கள் ஆகியவற்றின் குட்டி, பிறக்கும்போது ஒரு கிலோவுக்குச் சற்று மேலிருப்பது இயல்பு. செங்கல்பட்டு மாவட்டத்துக் காட்டுப்பாக்கத்தில் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தார் உருவாக்கிய 'டானுவாஸ் கே.பி.எம். கோல்டு' என்னும் வகையிலும் முக்கால் பங்கு யார்க்ஷயர் இரத்தமே. கால் பங்கு நாட்டுப் பன்றி. இத்தகைய இனங்களில் 800, 900 கிராம் எடையோடு பிறப்பதே குறை எடைக் குட்டி. நாட்டுப் பன்றியின் குட்டி இயல்பாகவே சிறியது. அதை இக்கணக்கில் சேர்த்து நோஞ்சான் என்று தள்ளிவிடலாகாது.

இக்குட்டி சிறுத்துப் பிறப்பதன் காரணம் தாயின் வயிற்றுக்குள்ளேயே இருக்கிறது. பன்றியின் சினைக்காலம் ஏறக்குறைய 114 நாள். கருப்பையில் பத்துப் பன்னிரண்டு கருக்கள் வரிசையாக இடம் பிடித்து வளருங்கால், எல்லாவற்றுக்கும் ஒரே அளவாக இரத்தம் ஓடுவதில்லை. நெருக்கத்தில் அகப்பட்ட கருவுக்குச் சத்து குறைகிறது. இதனால் எடை மட்டும் குறைந்து போவதில்லை. சதையின் அமைப்பே மாறிவிடுகிறது.

நெசவாள அன்பர்களுக்கு இதை எளிதில் விளக்கலாம். சதை என்பது நுண்ணிய இழைகளின் கட்டு. சினையின் 35-ஆம் நாள் முதல் 60-ஆம் நாள் வரை முதல் வரிசை இழைகள் தோன்றுகின்றன. இவ்வரிசையின் எண்ணிக்கை பெரிதும் பரம்பரையைச் சார்ந்தது. ஏறக்குறைய 55-ஆம் நாள் முதல் 90-ஆம் நாள் வரை, முதல் இழை ஒவ்வொன்றையும் சுற்றி இரண்டாம் வரிசை இழைகள் பல உண்டாகின்றன. தாய் உண்ணும் ஆகாரமும் கருவுக்கு வந்து சேரும் இரத்தமும் இவ்வரிசையையே கூட்டவும் குறைக்கவும் செய்கின்றன. 90-ஆம் நாளுக்குப் பின் இழைகளின் எண்ணிக்கை ஏறக்குறைய முடிவாகிவிடுகிறது. பாவு ஓட்டி முடித்துத் தறியில் ஏற்றிய பிறகு பாவிழையைக் கூட்ட முடியாதன்றோ? அதன் பிறகு நம் கையில் இருப்பது ஊடை மட்டுமே. குட்டி பிறந்த பின் நாம் ஊட்டும் சத்து, இருக்கின்ற இழைகளைப் பருக்கச் செய்யுமே தவிர, இல்லாத இழைகளைப் படைத்துத் தருவது அரிது.

ஜெர்மனியில் டும்மர்ஸ்டார்ஃப் என்னும் ஊரிலுள்ள பண்ணை விலங்கு உயிரியல் ஆராய்ச்சி நிலையத்தில் சார்லோட்டே ரேஃபெல்ட் என்னும் அம்மையார் இதை நெடுங்காலம் ஆராய்ந்தார். 2006-ஆம் ஆண்டில் அவரும் குன் என்பவரும் வெளியிட்ட ஆய்வில், குறை எடையோடு பிறந்த பன்றிகளில் சதை இழைகளின் எண்ணிக்கை குறைந்திருந்தமையும், வெட்டும் வயதில் அவற்றின் சதை குறைந்து கொழுப்பு மிகுந்திருந்தமையும் தெளிவாயின. எண்ணிக்கையில் குறைந்த இழைகள் ஈடுகட்ட முயன்று அளவுக்கு மீறிப் பருத்துவிடுகின்றன. அவை பருத்து முடிந்தபின் மிஞ்சுகின்ற தீனி கொழுப்பாகிறது.

இனி அமினோ அமிலங்களுக்கு வருவோம். புரதம் என்று நாம் சொல்வது 20 வகை அமினோ அமிலங்கள் கோத்த சங்கிலி. அவற்றுள் சுமார் பத்தை வளரும் பன்றியின் உடல் தானே போதிய அளவு செய்துகொள்ளாது; தீனியின் வழியே பெற வேண்டும். புடவையில் பூ நெய்யும்போது சிவப்பு நூல் தீர்ந்துவிட்டால், பச்சையும் மஞ்சளும் எத்தனை கட்டு மிஞ்சியிருந்தாலும் பூ விழாது. தானியத் தீனியில் முதலில் தீர்ந்துபோகும் நூல் லைசின் என்பது. சதை வளர்ச்சியைப் பெரும்பாலும் அதுவே கட்டுப்படுத்துகிறது.

ஆனால் பால் குடிக்கும் குட்டிக்கு முதலில் குறைவது வேறொன்று. அமெரிக்காவின் டெக்சாஸ் ஏ அண்டு எம் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த குவோயாவோ வூ என்னும் பேராசிரியரும் அவரது துணைவர்களும், தாய்ப்பன்றியின் பாலில் அர்ஜினின் என்னும் அமினோ அமிலம் போதாது என்று காட்டினர். ஒரு வார வயதுக் குட்டியின் தேவையில் பால் 40 சதவிகிதத்துக்கு மேல் தருவதில்லை. மிச்சத்தைக் குட்டியின் குடல் தானே செய்துகொள்ள வேண்டும். அந்தத் திறனும் பிறந்த முதல் வாரத்துக்குப் பின் குறைகிறது. 2004-ஆம் ஆண்டில், தாயைப் பிரித்துச் செயற்கைப் பாலில் வளர்த்த குட்டிகளுக்கு அப்பாலில் சிறிது அர்ஜினின் கலந்து கொடுத்தபோது வளர்ச்சி கணிசமாகக் கூடிற்று. தாய்ப்பாலே உலகில் நிறைவான உணவு என்று நம்பியிருந்தோருக்கு இது ஒரு புதுமை. இயற்கை, குட்டி பிழைப்பதற்கு வேண்டிய அளவைத் தந்ததே தவிர, சந்தைக்கு விரைந்து வளர வேண்டும் என்ற நம் அவசரத்தைக் கணக்கில் கொள்ளவில்லை போலும்.

லியூசின் என்பது மற்றொன்று. ஹூஸ்டன் நகரில் குழந்தைகளின் ஊட்டச்சத்தை ஆராயும் நிலையத்தில் தெரசா டேவிஸ் என்னும் அம்மையாரின் குழுவினர், பிறந்த குட்டிகளைக் கொண்டு பல சோதனைகள் செய்தனர். குறை மாதத்தில் பிறக்கும் மனிதக் குழந்தைகளுக்கு எப்படி ஊட்டுவது என்பதை அறியவே அவர்கள் பன்றிக்குட்டியை எடுத்துக்கொண்டனர். நமக்கு அதனால் வந்தது துணை லாபம். லியூசின் கிடைத்தவுடன் சதை புரதம் கட்டும் வேலையைத் தொடங்குகிறது. அது வேலைக்கு அழைக்கும் மணியைப் போன்றது. ஆனால் லியூசினை மட்டும் கொடுத்துக்கொண்டே போனால் இரத்தத்தில் மற்ற அமினோ அமிலங்கள் குறைந்து, சிறிது நேரத்தில் வேலை நின்றுவிடுகிறது. மற்றவற்றையும் குறையாமல் வைத்திருந்தபோதுதான் வேலை தொடர்ந்தது. மணி அடித்து என்ன, நூல் இல்லாவிட்டால்? மேலும், சதையின் இந்த ஆர்வம் பிறந்த முதல் நாட்களில் மிகுதி. நாலாவது வாரத்துக்குள் பெரிதும் தணிந்துவிடுகிறது.

நம் உறுப்பினரின் கேள்விக்கு மிக நெருங்கிய சோதனை டும்மர்ஸ்டார்ஃபில் பிற்பாடு நடந்தது. தாயிடம் பால் குடிக்கும் குறை எடைக் குட்டிகளுக்கு, முதல் 12 நாள், உடல் எடை கிலோவுக்கு நாளொன்றுக்கு 1 கிராம் வீதம் குளுட்டமின் என்னும் அமினோ அமிலத்தை வாய்வழியே கொடுத்தனர். பலன் இருந்தது, ஆனால் மிதமான பலன். குட்டியின் எடை ஓரளவு கூடிற்று. அது தன் உடன்பிறந்த பெரிய குட்டிக்கு ஈடாகிவிடவில்லை.

கடைப் புட்டிக்கு இந்த அளவுகோலைப் பொருத்திப் பாருங்கள். 800 கிராம் எடையுள்ள குட்டிக்கு நாளொன்றுக்கு முக்கால் கிராமுக்கு மேல் வேண்டும். புட்டியின் அடியிலுள்ள சிறு எழுத்தைப் படித்தால், ஒரு தேக்கரண்டி மருந்தில் ஒவ்வோர் அமினோ அமிலமும் சில மில்லிகிராம் மட்டுமே இருப்பது பல சமயம் தெரியவரும். ஆயிரம் மில்லிகிராம் கூடி ஒரு கிராம் ஆகிறது என்பதை மறக்கலாகாது. அன்றியும் குளுட்டமின் நீரில் கரைந்த நிலையில், அதிலும் நம் ஊர் வெப்பத்தில், நாளடைவில் சிதைந்துபோகும் பண்பினது. எழுதப்பட்ட அளவு உள்ளே இருப்பதற்கும் உத்தரவாதமில்லை. நம் அபிப்பிராயம் இதுதான்: இன்றுள்ள அறிவின்படி, அமினோ அமிலம் நோஞ்சான் குட்டிக்கு உதவும் என்பது மெய், ஆனால் கடைப் புட்டியின் வழியே உதவும் என்பது ஐயமே. அதைவிட மலிவான வழிகள் நம் கையெட்டும் தூரத்திலேயே உள்ளன.

முதலாவது சீம்பால். பன்றிக்குட்டி தாயின் வயிற்றில் இருக்கும்போது நோய் எதிர்ப்புப் பொருள்கள் அதன் இரத்தத்துக்குச் செல்வதில்லை. உடம்பில் கொழுப்பும் மிகக் குறைவு. பிறந்து 24 மணி நேரத்துக்குள் குறைந்தது 200 கிராம் சீம்பாலாவது குடித்தால்தான் பிழைக்கும் வாய்ப்பு நல்லது. 250 கிராம் குடித்தால் வளர்ச்சியும் சீராகும். ஒரு நாள் கழிந்தால் குடல், அப்பொருள்களை உள்ளே விடும் வாயிலை ஏறக்குறைய மூடிவிடும். அமினோ அமிலங்களையும் சதையைத் தூண்டும் பிற பொருள்களையும் சேர்த்துத் தருவது சீம்பாலே. எந்தப் புட்டியும் இதற்கு இணையாகாது. பெரிய குட்டிகள் வயிறார ஒரு முறை குடித்ததும், அவற்றை ஒரு பனையோலைக் கடகத்தில் ஒன்றரை மணி நேரம் போட்டு வைத்துவிட்டு, சிறியவற்றைத் தாயிடம் விடுவதைச் சில வீடுகளில் கண்டிருக்கிறோம். காசு செலவில்லாத இந்த முறையையே ஆராய்ச்சி நிலையங்களும் சொல்கின்றன. முன்புறக் காம்புகளில் பால் மிகுதி. சிறு குட்டியை அங்கே பிடித்து வைப்பது நன்று.

குளிர் அடுத்த எதிரி. தூத்துக்குடியில் குளிரா என்று சிரிக்க வேண்டாம். பிறந்த குட்டிக்கு 32 முதல் 34 டிகிரி வெப்பம் வேண்டும். ஐப்பசி கார்த்திகை மழைக்காற்றில் ஈரத் தரையில் கிடக்கும் குட்டிக்கு அது கிட்டாது. நடுங்குகிற குட்டி, தான் குடித்த பாலைச் சூட்டுக்காகவே எரித்துவிடுகிறது. சதைக்கு மிச்சம் இருப்பதில்லை. உலர்ந்த வைக்கோல், சாக்கு, காற்றை மறைக்கும் ஓலைத்தட்டி, ஒரு விளக்கு, இவை போதும். மூன்றாம் நாள் இரும்புச்சத்து ஊசியைக் கால்நடை மருத்துவரிடம் போட்டுக்கொள்ளலாம்.

அடுத்துத் தாயின் தீனி. இழைகள் அமைவது சினையின் நடுக்காலத்தில் என்று கண்டோம். நம் வீடுகளில் அக்காலத்தில்தான் சினைப்பன்றியைக் கவனியாமல் விடுகிறோம். வயிறு இறங்கிய கடைசி மாதத்தில் கஞ்சியைக் கூட்டுகிறோம். பாவு ஓட்டி முடிந்தபின் நூல் வாங்குவதற்கு இது ஒப்பாகும். 2007-இல் வெளியான டெக்சாஸ் ஆய்வொன்றில், முதற்சினைப் பன்றிகளுக்கு 30-ஆம் நாள் முதல் ஈனும் வரை தீனியில் அர்ஜினின் சேர்த்ததால் உயிரோடு பிறந்த குட்டிகள் ஈற்றுக்கு ஏறக்குறைய இரண்டு கூடின. பிற இடங்களில் செய்த சோதனைகள் யாவும் இதே பலனைத் தரவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். நம் உறுப்பினர் அர்ஜினினைத் தனியே வாங்க வேண்டியதில்லை. நிலக்கடலைப் புண்ணாக்கில் அது ஏராளம். பூஞ்சை பிடித்த புண்ணாக்கு மட்டும் கூடாது. அதிலுள்ள நஞ்சு ஈரலைக் கெடுக்கும்.

நிலக்கடலைப் புண்ணாக்கின் குறை, லைசின் போதாமை. ஒரு கணக்குப் பார்ப்போம். 60 கிலோ மக்காச்சோளம், 20 கிலோ கடலைப் புண்ணாக்கு, 20 கிலோ அரிசித் தவிடு சேர்ந்த 100 கிலோ கலவையில் லைசின் அரைக் கிலோவைச் சற்றே தாண்டும். பால் மறக்கும் வயதுக் குட்டிக்கு மேனாட்டு அளவுகளின்படி ஒன்றேகால் கிலோவுக்குக் குறையாமல் வேண்டும். பாதிக்கும் குறைவு! புண்ணாக்கில் 10 கிலோவை எடுத்துவிட்டு நல்ல மீன் தூள் 10 கிலோ சேர்த்தால் முக்கால் கிலோவைத் தாண்டிவிடும். அத்துடன் கால் கிலோ லைசின் தூள் கலந்தால் ஒரு கிலோவுக்கு வந்து சேரும். நம் கலப்பினக் குட்டிக்கு இது பெரிய முன்னேற்றம்.

மீன் தூளுக்கு நாம் வெளியே போக வேண்டியதில்லை. வேம்பாரிலிருந்து மணப்பாடு வரை காரலும் சாளையும் கரையில் காய்கின்றன. முத்துக்குளிப்பு 1961-ஆம் ஆண்டோடு நின்றுபோன இக்கடலில் மீனுக்குக் குறைவில்லை. ஆனால் இங்கேதான் பெரிய அபாயமும் இருக்கிறது. உப்புக் கருவாட்டில் மிச்சமானதையும் கெட்டதையும் பன்றிக்குப் போடுவது நம் கரையோர வழக்கம். பன்றித் தீனியில் உப்பு நூற்றுக்கு அரை பங்குக்குள் இருக்க வேண்டும். ஐந்தில் ஒரு பங்கு உப்பு ஏறிய கருவாட்டை நூற்றுக்குப் பத்து சேர்த்தால், அதனால் மட்டுமே உப்பு நூற்றுக்கு 2 ஆகிவிடும். அதாவது நான்கு மடங்கு. தண்ணீர் தாராளமாக இருந்தால் பெரிய பன்றி சமாளிக்கும். குடிநீர் லாரிக்குக் காத்திருக்கும் ஊரில், கோடையில், தொட்டி ஒரு பகல் வறண்டால் போதும்: பன்றி கண் தெரியாமல் சுவரில் முட்டும், வட்டமிடும், வலிப்பு வந்து விழும். வைத்தியர் வருவதற்குள் முடிந்துவிடும். விஷம் வைத்துவிட்டார்கள் என்று அண்டை வீட்டார்மீது பழி போட்ட வழக்குகளும் உண்டு. உப்பிடாமல் காயவைத்த மீனையே வாங்க வேண்டும். நாவில் வைத்துப் பார்த்தாலே தெரிந்துவிடும். பச்சை மீனானால் வேகவைத்துப் போட வேண்டும். சாளை, நெத்திலி போன்றவற்றில் ஒரு வைட்டமினை அழிக்கும் பொருள் உண்டு, அது வேக்காட்டில் போய்விடும். விற்பதற்கு ஒரு மாதம் முன்பே மீனை நிறுத்தினால் இறைச்சியில் மீன் வாடை அடிக்காது. ஓட்டல் கழிவையும் கொதிக்க வைக்காமல் போடலாகாது. 2020-ஆம் ஆண்டில் அஸ்ஸாமில் தென்பட்ட ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் இறைச்சிக் கழிவின் வழியும் பரவக்கூடியது.

கோவில்பட்டிப் பக்கத்து அன்பர்களுக்குப் பருத்திக்கொட்டைப் புண்ணாக்கைப் பற்றியும் ஒரு சொல். மாட்டுக்கு நல்லதெல்லாம் பன்றிக்கு நல்லதன்று. அதிலுள்ள காசிப்பால் என்னும் பொருள் பன்றியின் இதயத்தைத் தாக்கும். லைசினையும் பிணைத்துப் பயனற்றதாக்கிவிடும். அதைக் குட்டித் தீனியில் சேர்க்கவே வேண்டாம். உளுந்து, பாசிப்பயற்றுக் குருணை மேலானது. பயறுகளில் லைசின் மிகுதி.

லைசின் தூளைப் பற்றி மேலே சொன்னோம். 1956-ஆம் ஆண்டு ஜப்பானில் கினோஷிட்டா என்பவரின் குழுவினர் மண்ணிலிருந்து ஒரு நுண்ணுயிரைக் கண்டெடுத்தனர். அதன் வழிவந்தவற்றைக் கொண்டு இன்று உலகெங்கும் லைசினைப் புளிக்கவைத்து எடுக்கின்றனர். ஆதலால் விலை எட்டும் தூரத்தில் இருக்கிறது. அது 25 கிலோ மூட்டையாக வருகிறது. 100 கிலோ தீனிக்குக் கால் கிலோ வீதம், ஒரு மூட்டை 10 டன் தீனிக்குக் காணும். இரண்டு தாய்ப்பன்றி வைத்திருப்பவர் தனியே வாங்கினால் பழசாகிக் கட்டிபிடித்துப் போகும். சங்கம் ஒரு மூட்டை வாங்கி, மீன் தூளும் தாது உப்பும் சேர்த்துக் கலந்து, உறுப்பினருக்கு எடைபோட்டுக் கொடுப்பதே முறை. கலப்பு விகிதத்தைத் திருநெல்வேலி ராமையன்பட்டிக் கால்நடை மருத்துவக் கல்லூரியில் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளலாம்.

சங்கத்தால் ஆகக்கூடிய வேறொன்றும் உண்டு. தாய்ப்பன்றிகளை ஒரே நாளில் பால் மறக்கடித்தால், பெரும்பாலானவை 4 முதல் 7 நாளுக்குள் சினைப்பருவத்துக்கு வரும். ஒரே வாரத்தில் இணைசேர்த்தால் ஒரே வாரத்தில் ஈனும். அப்போது, ஒரு தாய்க்கு 12 குட்டியும் மற்றொன்றுக்கு 6 குட்டியும் பிறந்தால், சீம்பால் குடித்த பின் முதல் இரண்டு நாளுக்குள் மாற்றி விடலாம். ஒரே கொட்டிலுக்குள் இது எளிது. வீடு விட்டு வீடு மாற்றுவதானால், இரு பட்டிகளிலும் நோய் இல்லையென்று மருத்துவர் சொன்ன பிறகே செய்ய வேண்டும். அவ்வுறுதி இல்லாவிட்டால் வேண்டாம்.

இவற்றுக்கெல்லாம் எடை தெரிந்தாக வேண்டும். பிறந்த அன்றும், 7-ஆம் நாளும், 21-ஆம் நாளும் குட்டிகளை நிறுத்துப் பாருங்கள். நெசவாளர் சங்கத்தில் நூற்சிட்டம் நிறுக்கும் தராசே இதற்குப் போதும். சாக்கைக் கழுவிக் கட்டித் தொங்கவிட்டால் குட்டி துள்ளாது. சுவரில் தொங்கும் காலண்டரின் பின்புறத்தில் தாயின் பெயர், ஈன்ற நாள், குட்டிகளின் எடை, இறந்தவை எத்தனை, அந்தச் சினையில் போட்ட தீனி எது என்று எழுதி வையுங்கள். அடுத்த தணிக்கைக்கு வரும்போது, கணக்குப் புத்தகங்களோடு அந்தக் காலண்டரையும் பார்க்க விரும்புகிறோம்.